வண்டி எப்போது சூடாகிறது? பழைய மாருதி 800-ல் ஹீட் பிரச்சினையைக் கண்டுபிடிக்கும் முறை

சேலத்தில் ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது என் பட்டறை. "அண்ணா, வண்டி ஹீட் ஆகுது" என்று யார் வந்தாலும் நான் உடனே பானெட்டைத் தூக்குவதில்லை. "எப்போ ஆகுதுங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. சிக்னலில் நிற்கும்போதா, பைபாஸில் எண்பதில் போகும்போதா, மலை ஏறும்போதா, காலையில் எடுத்த ஐந்து நிமிஷத்துக்குள்ளேயா, ஏ.சி. போட்டால் மட்டுமா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பதில் தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு), வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். காசு போகும், சூடு போகாது.

இங்கே நான் சொல்வது பெரும்பாலும் மாருதி 800-ஐ வைத்து. 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. இன்றும் நம் ஊர்களில் ஏராளமாக ஓடுகிறது, அதில் பலவற்றுக்கு ஹீட் தொல்லை இருக்கிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு பிளாக், அதன்மேல் மூடியாக உட்காரும் அலுமினிய ஹெட். இந்தக் கடைசி இரண்டையும் மனதில் வையுங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் 800 ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளையும், இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைத்து நிற்கும் கேஸ்கெட் போகும். பழைய 1489 சி.சி. அம்பாசிடருக்கு ஹெட்டும் இரும்பு, பிளாக்கும் இரும்பு. அது கொதித்துக் கொதித்தும் ஊர் போய்ச் சேரும். அந்தப் பழக்கத்தில் 800-ஐ ஓட்டினால் லேத் பட்டறைச் செலவில்தான் முடியும்.

சாலையில் டாஷ்போர்டின் சூட்டு முள் ஏறினால்

ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழுச் சூட்டுக்குத் திருப்பி, ப்ளோயரையும் முழு வேகத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் இது கொடுமைதான். ஆனால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான்; இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே தள்ளும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரம் கட்ட இடம் பாருங்கள். முள் இன்னும் சிவப்பைத் தொடவில்லை, ஆவியும் இல்லை என்றால் நிறுத்திய இடத்தில் இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து ஓரிரு நிமிஷம் ஓடவிடலாம். பம்ப் தண்ணீரைச் சுற்ற வைக்கும், முள் இறங்கும். சிவப்பைத் தொட்டுவிட்டாலோ, பானெட்டிலிருந்து ஆவி வந்தாலோ, வண்டிக்குள் இனிப்பு வாடை அடித்தாலோ உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டுவதில்தான் ஹெட் போகிறது.

முள் மேலே ஏறிப் போய், திடீரென்று கீழே விழுந்தால் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள். சூடு காட்டும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றி அந்த இடத்தில் ஆவியும் காற்றும் நின்றுவிட்டால் முள் குளிர்ந்தது மாதிரிக் காட்டும். இன்ஜினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்க முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். துணியைப் போட்டு மெல்லத் திருகினால் ஒன்றும் ஆகாது என்பார்கள், கேட்காதீர்கள். மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தில் உள்ளே 100 டிகிரிக்கு மேலேயும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மூடி திறந்த கணத்தில் அதில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாகி, கொதிக்கும் தண்ணீரோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை, அதாவது இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்குச் சூடான தண்ணீர் வரும் ரப்பர் குழாயை, அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. தொளதொளவென்று ஆகி, கையும் சூடு தாங்கினால் திறக்கலாம். சூடான இன்ஜின்மேல் வெளியே பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, வற்றிய ரேடியேட்டரில் குடத்துத் தண்ணீரை மடமடவென்று கவிழ்ப்பது, இரண்டும் அலுமினிய ஹெட்டை வளைக்கும். ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

முள் சொல்வது நிஜமா?

வீட்டுக்கு வந்த பிறகு முதலில் தீர்க்க வேண்டிய சந்தேகம் இது. பழைய வண்டியில் முள்ளும் பழசு. ஹெட்லைட் போட்டதும் முள் ஒரு தாவு தாவுகிறதா, வைப்பர் ஓடும்போது நகர்கிறதா? அப்படியானால் எர்த் வயர் சரியில்லை. இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். இன்னும் பழைய சில வண்டிகளில் பெட்ரோல் முள்ளுக்கும் சூட்டு முள்ளுக்கும் சேர்த்து ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். இரண்டு முள்ளும் சேர்ந்து கூடுதலாகக் காட்டினால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதைவிட உபயோகமான கருவியை நான் பார்த்ததில்லை. மேல் ஹோஸ் இன்ஜினில் சேரும் இடத்தில், தெர்மோஸ்டாட் மூடியருகே காட்டுங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகும் 85-லிருந்து 95-க்குள் நின்றால் இன்ஜின் நலம், முள்தான் பொய் சொல்கிறது. பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்பு ஹோஸ்மீதோ, கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ காட்டுங்கள்.

காலையில், இன்ஜின் பச்சையாக இருக்கும்போது

பச்சை என்றால் சூடே இல்லாமல் ஆறிக் கிடப்பது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்தான் உண்மை தெரியும். ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். தண்ணீர் கழுத்துவரை இருக்க வேண்டும். ரிசர்வ் டேங்கில் நிறைய இருக்கிறது, ரேடியேட்டரில் குறைவு என்றால் கவனியுங்கள். மூடியில் இரண்டு வால்வு உண்டு. பெரியது சூட்டில் பொங்குவதை ரிசர்வ் டேங்குக்கு விடும். நடுவில் உள்ள சிறியது ஆறும்போது அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். சிறிய வால்வு ஒட்டிக்கொண்டால், அல்லது டேங்குக்குப் போகும் சின்னக் குழாயில் வெடிப்பு இருந்தால், போன தண்ணீர் திரும்பி வராது. தினம் கொஞ்சம் குறைந்து ஒருநாள் ஹீட் ஆகும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், ஸ்பிரிங்கை அமுக்கிப் பாருங்கள். மேலே 0.9 என்று அச்சிட்டிருக்கும். பெட்டிக்கடை மாதிரி இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்கூடக் கிடைக்கிற, இருப்பதிலேயே மலிவான சாமான் இது. சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

அந்த 0.9, மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தின் அளவு. அது எதற்கு? கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே 95-லேயே கொதித்துவிடும். நல்ல மூடி இருந்தால் கடல் மட்டத்தில் அதே தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரிவரை தாக்குப் பிடிக்கும். துருவைத் தடுத்து கொதிநிலையை ஏற்றும் கூலண்ட் என்ற திரவம் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் 125 வரை போகும். ஊருக்குள் ஒழுங்காக ஓடுகிற வண்டி ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் கக்குகிறது என்றால் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது மூடியைத்தான்.

அடுத்து தண்ணீரின் நிறம். செம்மண் நிறமாக இருந்தால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம். கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தெரியும் டியூப் வாய்களில் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியே குனிந்து ஒழுகலைத் தேடுங்கள். ஹோஸ் கிளிப் ஓரம், ரேடியேட்டர் அடி, வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சின்ன ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து சொட்டினாலோ, அதைச் சுற்றிக் காய்ந்த கறை இருந்தாலோ பம்பின் சீல் போய்விட்டது. முன்சீட்டுக் கால்மிதியடி ஈரமாக, கண்ணாடியில் பிசுபிசுப்பாக இருந்தால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. பிளாக்கின் பின்பக்கம் ஓட்டையை அடைத்திருக்கும் தகட்டு மூடியான டம்மி பிளக் துருப்பிடித்து ஒழுகுவதைக் கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும்.

கேஸ் போட்ட 800 வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். கேஸை ஆவியாக்கும் வேப்பரைசருக்குச் சூடு கொடுக்க இன்ஜின் தண்ணீரைத்தான் கிளை பிரித்திருப்பார்கள். அந்த டீ ஜாயிண்டுகள் ஒழுகாத வண்டியை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஓடும்போது வேப்பரைசர்மேல் பனி பூத்தால் அதற்குச் சூடான தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம்.

சிக்னலில் சூடாகி, ஓடினால் ஆறுகிறது

காற்று போதவில்லை. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றுகிறது. நின்றால் ஃபேன்தான் ஆற்ற வேண்டும். 800-ல் ஃபேன் மோட்டாரில் ஓடுகிறது, சூடு ஏறியதும் ஒரு ஸ்விட்ச் அதைப் போடும். வண்டியை நின்ற இடத்தில் ஓடவிட்டுக் காத்திருங்கள். முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, ஃபேன் ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி அதன் இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ஒற்றை வயர் ஸ்விட்ச் என்றால் அந்த வயரை பாடியில் எர்த் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச் போய்விட்டது. சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, கடைசியில் மோட்டார். மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் சுற்ற ஆரம்பித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனையில் விரல், துணி, தாவணி, துப்பட்டா எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. எலெக்ட்ரிக் ஃபேன் சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் தானாகச் சுற்றும்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சூடு குறையவில்லையா? கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் உள்ளே இழுக்கப்பட்டு ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் மோட்டார் மாற்றியவர் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. எதிர்க்காற்றோடு ஃபேன் சண்டை போடும். அப்படிப்பட்ட வண்டி நின்றாலும் சூடாகும், ஓடினாலும் சூடாகும், ஆளைக் குழப்பிவிடும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டும் ஓட்டுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். அம்பாசிடரில் ஃபேனை ஓட்டுவது பெல்ட். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஏ.சி. போட்டால் மட்டும் ஹீட் ஆகிறது என்றாலும் கதை இதேதான். ஏ.சி. கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் தூசி, பூச்சி, பஞ்சு, வைக்கோல் தூள் எல்லாம் மெத்தை கட்டியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். மேல் போல்ட்டைக் கழற்றி ரேடியேட்டரைச் சற்றுச் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் வைத்து அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும். தோட்டத்துக் குழாய் வேகம் போதும்.

ஊருக்குள் சரி, பைபாஸில் ஹீட்

இங்கே காற்று தாராளமாக இருக்கிறது, ஆகவே சந்தேகம் தண்ணீர் ஓட்டத்தின் மேல். இந்த வகையைத்தான் அதிகமாகத் தவறாகப் பார்க்கிறார்கள்.

ஒரு பள்ளி ஆசிரியரின் 800. சேலத்துக்குள் எத்தனை நெரிசலிலும் முள் அசையாது. நாமக்கல் சாலையில் எண்பதைத் தொட்டால் ஏறிவிடும். வேறொரு இடத்தில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள், பம்ப் புதிது, ரேடியேட்டரும் புதிது. நான் பானெட்டைத் திறந்துவைத்து ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுத்தேன். ரேஸ் கூடியதும் கீழ் ஹோஸ் பட்டையாக ஒட்டிக்கொண்டது. விட்டதும் பழைய உருவத்துக்கு வந்தது. கீழ் ஹோஸ் பம்பின் இழுக்கும் பக்கம். ஹோஸ் கிழடாகித் தளர்ந்துபோனால், அல்லது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துக் கரைந்தால், வேகத்தில் அது தன்னைத் தானே மூடிக்கொள்ளும். ஹோஸ் ஒன்றை மாற்றியதோடு அந்த வண்டி சரியாயிற்று. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையை ரேடியேட்டரில் கை வைப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

ஹோஸ் சரியென்றால் ரேடியேட்டர். வண்டியை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு, ஃபேன் கனெக்டரைக் கழற்றியபின், ரேடியேட்டர் முகம் முழுவதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் வரிசையாகப் பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் சில்லென்று இருந்தால் அந்த டியூப்புகள் அடைத்திருக்கின்றன. கழற்றிய ரேடியேட்டரைக் கீழ் வாயை அடைத்து நிறைய நீர் ஊற்றி, சட்டென்று கையை எடுங்கள். பொளபொளவென்று கொட்ட வேண்டும். நூலாக ஒழுகினால் அடைப்பு. தாமிர-பித்தளை ரேடியேட்டரானால் ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்து, டியூப்புகளுக்குள் கம்பி விட்டுக் குத்தி, திரும்ப ஈயம் வைத்துத் தருவார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ளதைக் குத்த முயலாதீர்கள், புதிது வாங்குங்கள்.

பம்பின் உள் இறக்கை துருவில் கரைந்துபோவதும் உண்டு. வெளியே ஒழுகல் இருக்காது, சத்தம் இருக்காது. வருஷக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இதை எதிர்பார்க்கலாம்.

எடுத்த ஐந்து நிமிஷத்தில் ஹீட்

தண்ணீர் சுற்றவே இல்லை. மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முள் மேலே, ஹோஸ் பச்சை என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் சுற்றவில்லை. சமீபத்தில் ஹோஸோ கூலண்டோ மாற்றியிருந்தால் முதலில் காற்றை எடுங்கள். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, குமிழி வர வர ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸை இடையிடையே பிசையுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் ஒரேயடியாக இறங்கும், நிரப்பி மூடுங்கள்.

மேல் ஹோஸ் பச்சையாக இருக்கும்போதே, ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்திலேயே விறைத்துக்கொண்டால் அது சூட்டின் அழுத்தம் இல்லை. சிலிண்டர் காஸ் தண்ணீருக்குள் நுழைகிறது. ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க, கீழே "ஒழுகாமல் குறையும் தண்ணீர்" பகுதிக்குப் போங்கள்.

மலை ஏறும்போது மட்டும்

மூடியையும் ரேடியேட்டரையும் பார்த்தாயிற்று, இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றால் தண்ணீரை விட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள். கார்புரேட்டர் 800-ல் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாய் வெடித்திருந்தால், அல்லது டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) டிலேயாக இருந்தால், எரிய வேண்டிய பெட்ரோல் தாமதமாக எரிந்து சைலன்சர் பக்கத்தையும் ஹெட்டையும் சுடும். இழுவையும் குறைந்திருக்கும். மிக்சர் லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடி, இருந்தாலும் இதே கதை. நேராக ஏறி நின்றதும் நான்கு வீலருகேயும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் மலையையும் இழுத்து பிரேக்கையும் இழுத்திருக்கிறது. கிளட்ச் வழுக்கினாலும் ரேஸ் ஏறும், வண்டி ஏறாது, சூடு ஏறும்.

எல்லாம் சரியாக இருந்து ஓட்டும் முறையால் சூடாக்குபவர்களும் உண்டு. மூன்றாம் கியரில் முக்கி முக்கி ஏறாதீர்கள். இரண்டாவதுக்கு இறங்குங்கள். இன்ஜின் சுற்றினால்தான் பம்ப் சுற்றும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்காதீர்கள்

"நம்ம ஊரு சூட்டுக்கு வால்வு எதுக்குண்ணா" என்று கேட்காத டிரைவர் இல்லை. நானும் சளைக்காமல் பதில் சொல்கிறேன். தெர்மோஸ்டாட் வெளியூர்க் குளிருக்காக வைத்ததில்லை, இன்ஜினின் வேலைச் சூட்டுக்காக வைத்தது. அது இல்லாத இன்ஜின் நெடுஞ்சாலையில் 60 டிகிரியிலேயே ஓடும். பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கெடுக்கும், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும், மைலேஜ் போகும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் திறக்கும்போது, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, ஹீட் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிடுங்கியதும் பாதி அடைத்த ரேடியேட்டர் கொஞ்ச நாள் மறைந்திருக்கும். நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் போய்விடும். அடுத்த கோடையில் ஹெட்டோடு வரும்.

சோதிப்பது சுலபம். கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரும் வைத்து அடுப்பை ஏற்றுங்கள். பழைய பாத்திரமாக எடுங்கள். அதில் பிறகு சமைக்கக் கூடாது. உடம்பில் 82 அல்லது 88 என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, அதற்குமேல் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாக, ஏறக்குறைய 8 மி.மீ., திறக்க வேண்டும். ஆறியதும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் பின் மேல் பக்கம் இருக்கட்டும், காற்று அது வழியாகத்தான் வெளியேறும்.

ஒழுகாமல் குறையும் தண்ணீர்

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டா என்று பார்க்கும் நேரம் இது. பச்சை இன்ஜினில், மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து கழுத்தைப் பாருங்கள். நிற்காமல் குமிழி வந்தால், ரேஸ் கொடுக்கும்போது பொங்கினால், காஸ் நுழைகிறது. மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். இரண்டு பழுப்பாகவும் ஒன்று மட்டும் ஆவியில் கழுவிவிட்டது போலச் சுத்தமாகவும் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குத் தண்ணீர் போகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வரும். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் நிறத்தில் பசை இருப்பதை மட்டும் வைத்து ஹெட்டைப் பிரித்துவிடாதீர்கள். தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் அது சாதாரணமாகவே வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் பயப்பட வேண்டும்.

உறுதி செய்ய இரண்டு வழி. ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி 0.9 வரை அடித்து நிறுத்தினால், ஒழுகல் எங்கும் தெரியாமல் அழுத்தம் இறங்கக் கூடாது. இறங்கினால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு சுற்று சுற்றுங்கள். தண்ணீர் போன சிலிண்டர் துளை வழியே பீய்ச்சும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மற்றொன்று, ரேடியேட்டர் வாய்க் காற்றை நீலத் திரவம் வழியாக இழுக்கும் கருவி. எரிந்த காஸ் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

ஹெட்டைக் கழற்றிவிட்டால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடாதீர்கள். நேர்க்கட்டையும் ஃபீலர் கேஜும் வைத்து நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்ய வேண்டும். வளைந்த ஹெட்டில் எத்தனை கேஸ்கெட் போட்டாலும் நிற்காது.

எந்தத் தண்ணீர்

சேலத்து போர் தண்ணீர் வேண்டாம். வீட்டு கீசரில் படிகிற சுண்ணாம்புதான் பிளாக்குக்குள்ளும், அதிகச் சூடான இடம் பார்த்துப் படிகிறது. டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வரும் கூலண்ட். நம் ஊரில் உறையாது என்பது சரி. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை ஏற்றுவதும்தான் நமக்கு வேண்டியது. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பி ஒன்றோடொன்று கலக்காதீர்கள், நிறம் தரத்தைச் சொல்லாது. வடித்த பழைய கூலண்டைத் தரையில் விடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் குழந்தையும் வாய் வைத்தால் உயிருக்கு ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடித்து, "விஷம்" என்று எழுதி, ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் டிரைவர்கள் இருக்கிறார்கள். காட்டுவழியில் ராத்திரி நின்றால் போடுங்கள், ஊர் வந்து சேர உதவும். வந்ததும் முழுவதும் வடித்துக் கழுவிவிடுங்கள்; ஓட்டையை அடைத்த தூள் டியூப்பையும் அடைக்கும்.

வேலை முடிந்தபின் எந்த நேரத்தில் சூடானதோ அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். சிக்னலில் சூடானதை சாயங்கால நெரிசலில், மலையில் சூடானதை மலையில். மறுநாள் காலை பச்சை இன்ஜினில் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள், ரிசர்வ் டேங்கில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரம் அந்தக் கோட்டை விட்டு இறங்காவிட்டால் ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பலாம்.